மாட்ரிட்டில் தெரிய வேண்டிய நெஞ்சு

ஒன்பதாவது முறையாகக் கைக்கடிகாரம் 'கீங்' என்று அழுதது. பக்கத்தில் இருந்த செல்போனில், "இணைக்க முடியவில்லை" என்று ஒன்பதாவது முறையாக வந்தது.

"கொம்பாத்ரே, என்னோட இன்னொரு கன்னம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் காசியானோ. செவெரோவின் முடிதிருத்தும் கடை நாற்காலியில் அவர் பாதி முகம் மழித்தும் பாதி முகம் நுரையோடும் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தொப்பிக் கடைக்காரர். செவெரோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்று அழைத்துக்கொள்வது.

"பொறுய்யா. மூணு மணிக்கு நில்டா பார்ப்பா."

நில்டா செவெரோவின் மனைவி. சொந்த ஊரான எல் ஆல்தோவிலிருந்து கடல் தாண்டி மாட்ரிட்டுக்கு, அன்செல்மோ என்ற தனிக்கட்டைக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் நாலு வருடம். "அவரு கண்ண மூடுன மறுநாளே பிளேன் ஏறிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது கிழவருக்கு வயது எண்பத்தேழு. இரண்டு குளிர்காலம் தாங்கமாட்டார் என்று செவெரோ நம்பினார். கிழவர் அந்த நம்பிக்கையை மதிக்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் செவெரோ போனில் அக்கறையாகக் கேட்பார்: "ஐயா எப்படி இருக்காரு?"

"ஜம்முனு இருக்காரு. காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டாரு."

"ரொம்ப சந்தோஷம்" என்பார் செவெரோ, துக்கம் விசாரிக்கிற குரலில்.

போன வாரம் நில்டா இந்தக் கடிகாரத்தை அனுப்பியிருந்தாள். "கட்டிக்குங்க. உங்க நெஞ்சு துடிக்கிறது இங்க என் போன்ல தெரியும். பக்கத்துலயே படுத்திருக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். செவெரோ அன்று இரண்டு பேருக்குக் கிருதாவை ஏற்ற இறக்கமாக வெட்டினார்.

கடிகாரத்தின் பட்டையில் கடைசி ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. குச்சி மணிக்கட்டுக்கான அளவு.

"நான் ஏக்கத்துல இளைச்சிருப்பேன்னு அவளே அளவு வெச்சு அனுப்பியிருக்கா, பாரு" என்றார் செவெரோ. அவர் எடை தொண்ணூறு கிலோ. முதல் ஓட்டையில் மாட்டுவதற்கே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

கடிகாரம் மறுபடி கண் விழித்தது. எறும்பு எழுத்தில் ஏதோ ஒரு கேள்வி. கீழே பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. அந்த எழுத்தைப் படிக்கும் வயதை இருவரும் தாண்டியிருந்தார்கள். கண்ணாடி போடும் வயது இன்னும் வரவில்லை என்பது இருவருடைய கட்சி.

"சம்மதமான்னு கேக்குது" என்றார் காசியானோ. "பச்சைய அழுத்து."

செவெரோ பச்சையை அழுத்தினார். 'கீங்.' இணைக்க முடியவில்லை.

"கொம்பாத்ரே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? இதுக்கு பியர் தெளிச்சியா?"

செவெரோவின் முகம் வெளுத்தது. ஆகஸ்ட் மாத முதல் வெள்ளி. பூமித்தாய் வாயைத் திறந்துகொண்டு பசியோடு இருக்கும் மாதம். லாரி வாங்கினாலும் பியர், வாணலி வாங்கினாலும் பியர் என்று பூமித்தாய்க்குத் தெளித்துவிட்டே தொடும் ஊரில், கடல் தாண்டி வந்த கடிகாரத்தைக் காய்ந்த வாயோடு கட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறார்.

"அப்புறம் எப்படிய்யா சேரும்?" என்றார் காசியானோ, பாதிக் கன்னத்தோடு நீதிபதியைப் போல.

கடிகாரத்தையும் போனையும் மேசையில் ஜோடியாக வைத்து வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவினார்கள். தரைக்கு முதல் வாய், பிறகு கடிகாரத்துக்கு. செவெரோ கண்ணை மூடிக்கொண்டு, கடிகாரத்தோடு அன்செல்மோ ஐயாவின் விஷயத்தையும் பூமித்தாயிடம் லேசாக எடுத்துச் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. எப்படியும் வரப்போகிற தேதியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொன்னார், அவ்வளவுதான்.

வேண்டுதல் நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்தபோது கடிகாரம் பளிச்சென்று இருந்தது. போன் பியரில் மிதந்தது.

"அடப்பாவி! அதுக்கு எதுக்குய்யா ஊத்துன?"

"ஜோடிய வெச்சுக்கிட்டு ஒண்ணுக்கு மட்டும் எப்படிக் குடுக்கிறது?"

செவெரோ முடி உலர்த்தும் கருவியை எடுத்துப் போனில் சூடாக அடித்தார். போனின் திரை கறுத்தது. பின்மூடி மெல்ல எழுந்து நின்றது. இப்போது மணி இரண்டேகால்.

"மூணு மணிக்குத் துடிப்பு தெரியலேன்னா நான் செத்துட்டேன்னு நினைப்பா" என்று செவெரோ போனையும் கடிகாரத்தையும் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நுரையோடு காசியானோவும் ஓடினார்.

சந்தை முனையில் போன் பழுது பார்க்கும் யெசெனியா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை முகர்ந்தாள்.

"என்னண்ணே, வெள்ளிக்கிழமையா?"

"வெள்ளிக்கிழமைதான்மா."

"இன்னிக்கு இது ஏழாவது." அவள் போனைத் திறந்தாள், துடைத்தாள், வேறு பேட்டரி போட்டாள். கடிகாரத்தை எடுத்து அந்த எறும்பு எழுத்தைப் பூதக்கண்ணாடி வழியாகப் படித்தாள். ஒரு கணம் செவெரோவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சிவப்பை அழுத்தினாள். இன்னும் நாலைந்து இடத்தில் தட்டினாள்.

'டிங்.' போனும் கடிகாரமும் சேர்ந்தன.

செவெரோ மூச்சை இழுத்துப் பிடித்துக் கட்டிக்கொண்டார். தொண்ணூற்று நான்கு என்று துடித்தது. சரியாக மூன்று மணிக்கு நில்டாவின் குரல் வந்தது.

"தெரியுதுங்க! என்ன இப்படி ஓடுது, நான் பார்க்கிறேன்னா? நல்லபடியா கட்டிக்கிட்டே இருங்க. நான் வர்றதுக்கு இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும்போல. அன்செல்மோ ஐயா இதோ பக்கத்துலதான் உட்கார்ந்து சூப் குடிக்கிறாரு, உங்கள விசாரிச்சாரு. சரி, அவரு கூப்பிடுறாரு, வெச்சிடுறேன்."

"இன்னும் சூப்பா!" என்று காசியானோ கன்னத்தில் காய்ந்துபோன நுரையைச் சொறிந்தார். "பியர் போதல, கொம்பாத்ரே."

செவெரோ துடிப்பு எண்ணைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரி, யெசெனியா. அப்படி என்னதான்மா கோளாறு?"

"கோளாறே இல்லண்ணே. இதுக்கு முன்னாடி கட்டியிருந்த அன்செல்மோன்னு ஒரு பெரியவரோட பேரை அழிக்காமலே அனுப்பிட்டாங்க. மார்ச் பதினாலாம் தேதி துடிப்பு நின்னுபோச்சு, ஆம்புலன்ஸைக் கூப்பிடவான்னு அன்னையிலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கு. நான்தான் வேண்டாம்னு அழுத்தினேன்."