பவானேஸ்வரியின் ஒற்றைக் கேபிள்

மருதமுத்துவின் கைத்தடி மேசைக்கடியில் கிடந்த வயர்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. அவர் சாய்ந்தார். அவரோடு வயர் இழுபட்டு, மேசைமேல் இருந்த இரண்டு பெரிய திரைகளில் ஒன்றும் சாய்ந்தது. பவானேஸ்வரி பாய்ந்து ஒரு கையால் திரையையும் மறு கையால் மாமனாரையும் பிடித்தாள். இரண்டும் தப்பின. ஆனால் முதலில் பிடித்தது திரையைத்தான் என்பது அவளுக்குத் தெரியும். மாமனாருக்கும் தெரிந்திருக்கும். அவர் தடியை விடுவித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

அன்று முழுக்க அவளுக்கு மனசே சரியில்லை.

மலாக்காவின் பாயா ரும்புட்டில் அவர்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய டெரஸ் வீடு. பின்னறைதான் அவளுடைய ஆபீஸ். அதைக் கடந்துதான் குளியலறைக்குப் போக வேண்டும். போன வருடம் மருதமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அதே சமயத்தில்தான் அவள் வேலை பார்த்த கப்பல் சரக்கு நிறுவனம் மலாக்காக் கிளையை மூடிவிட்டு எல்லாரையும் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த கிள்ளானுக்கு வரச் சொன்னது. மேலதிகாரி சாந்தியிடம் அழாத குறையாகப் பேசி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தாள். கிளையில் இருந்த பதினொரு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் அது கிடைத்தது.

வேலை என்னவோ சாதாரணமானதுதான். ஒரு திரையில் சரக்குச் சீட்டு, இன்னொரு திரையில் கப்பல்காரன் அனுப்பிய பட்டியல். இரண்டையும் வரி வரியாக ஒப்பிட வேண்டும். ஓர் எண் மாறினால் ஒரு கண்டெய்னர் வேறு நாட்டுக்குப் போய்விடும். ஆகவே காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். இரண்டு திரைக்கும் தலா இரண்டு வயர், மடிக்கணினிக்குச் சார்ஜர், இணையத்துக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, பிரிண்டருக்கு இரண்டு என்று ஒன்பது வயர் தரையில் பின்னிக் கிடந்தது.

மருதமுத்து தடுக்கிய மறு வாரம் நிறுவனம் புது மடிக்கணினி அனுப்பியது. பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளை அவள் மூன்று முறை படித்தாள். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. புதுவகை வேகப் போர்ட். அதில் ஒரே ஒரு கேபிளைச் சொருகினால் போதும். மின்சாரம், இரண்டு திரையின் படம், இணையம், மற்ற எல்லாம் அது வழியாகவே வரும் போகும் என்று போட்டிருந்தது.

கணவன் சேகரன் பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். அவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் இருபது வருட சர்வீசில் ஒற்றை வயரில் எல்லா வேலையும் பார்த்த மிஷின் ஒன்றைக்கூடக் கண்டதில்லை என்றான்.

"இது வந்துட்டா மாமா தடுக்காம நடப்பாருங்க" என்றாள் அவள்.

சேகரன் தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

முதலில் வீட்டில் கிடந்த போன் கேபிளைச் சொருகினாள். சார்ஜ் ஏறியது, படம் வரவில்லை. டவுனில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கும் தாவூதிடம் போனாள். தாவூது நிதானமான மனிதர். விற்பதைவிட விளக்கிச் சொல்வதில்தான் அவருக்கு ஆசை அதிகம். கேபிள் மட்டும் போதாது, எல்லா வயரும் வந்து சேருகிற டாக் என்ற பெட்டி ஒன்றும் வேண்டும் என்றார். பிறகு, மேலே பார்த்தால் ஒன்று போலவே இருக்கும் நான்கு கேபிள்களை வரிசையாக வைத்தார்.

"வாயி எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தங்கச்சி. வயிறுதான் வேற வேற."

இரண்டு மீட்டர் நீளமுள்ளதை எடுத்துப் போனாள். ஒரு திரை ஒழுங்காக வந்தது, இன்னொன்று கண்ணடித்தது. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முழு வேகத்துக்கு உண்டானது இதுதான் என்று தாவூது வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அது தடியாக, விறைப்பாக, முழங்கை நீளம்தான் இருந்தது. வேகம் கூடினால் நீளம் குறையும், அது அப்படித்தான் என்றார்.

முழங்கை நீளத்துக்கு ஏற்றபடி வீடு நகரத் தொடங்கியது.

டாக்கைச் சேகரன் சுவரில் பலகை அடித்து வைத்தான், நடைபாதையில் ஒரு வயர்கூட வரக்கூடாது என்பதற்காக. கேபிள் எட்டவில்லை. மேசையைச் சுவரோடு தள்ளினார்கள். அந்தச் சுவரில் பிளக் இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ஹாலில் இருந்தது. சேகரன் தொழிற்சாலையிலிருந்து டிரில் கொண்டுவந்து ஒரு துளை போட்டான். துளை சரியாக டிவிக்குப் பின்னால் போய் வெளியே வந்தது. டிவியை நகர்த்தினார்கள். டிவி நகர்ந்ததும் மருதமுத்து உட்காரும் நாற்காலியிலிருந்து படம் தெரியவில்லை. நாற்காலியையும் தூக்கிச் சுவரோரமாக, பிளக்குக்குப் பக்கத்தில் போட்டார்கள். மருதமுத்து போட்ட இடத்தில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை எல்லாம் தயார். தரையில் ஒரு வயர் இல்லை. மடிக்கணினியை மூடியபடியே வைத்து ஒற்றைக் கேபிளைச் சொருகினாள். இரண்டு திரையும் ஒன்றாக விழித்தன. பிடுங்கினாள், இரண்டும் உறங்கின. திரும்பச் சொருகினாள். சேகரன் வேலைக்குக் கிளம்பும்வரை இதையே செய்துகொண்டிருந்தாள்.

அன்று பத்து மணிக்கு மாமனாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து காட்டினாள். அவர் வெகு நேரம் பார்த்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு எதிலும் நாட்டமில்லாமல் போயிருந்தது. இப்போதோ, இந்த வயர் எங்கே போகிறது, அந்தப் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு தடவை கேட்டார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. துளையையும் ஹாலில் இருந்த பிளக்கையும் காட்டிப் பொறுமையாக விளக்கினாள்.

புதன்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, சாந்தியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு திரையும் இருண்டன. பேச்சு பாதியில் அறுந்தது. கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள், டாக்கைத் தட்டிப் பார்த்தாள். பயனில்லை. எழுந்து ஹாலுக்குப் போனாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே கரண்ட் போகவில்லை. பிளக்கின் சுவிட்சும் போட்டபடியே இருந்தது. எழுந்ததுதான் எழுந்தோம் என்று மாமனாருக்கும் தனக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் டாக்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாக வேலை செய்தது.

வியாழனும் அப்படியே. வெள்ளியும் அப்படியே. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே.

கேபிளை மாற்றினாள். பிறகு டாக்கையே மாற்றிக் கொடுத்தார் தாவூது. நிறுவனத்தின் தொழில்நுட்பப் பையனிடம் போனில் கேட்டாள். அவன் அங்கிருந்தே ஏதோ புதுப்பித்தான், அதன் பிறகு இடது திரை தலைகீழாக வந்தது. அதை நிமிர்த்த ஒரு நாள் போனது. மதிய வெயிலில் பெட்டி சூடாகிவிடுகிறது என்று சேகரன் முடிவு செய்து, அதன் எதிரே மேசைவிசிறி ஒன்றை வைத்தான். அதற்கென்று ஒரு வயர் தரையில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்ட கையோடு டாக்குக்கும் கொஞ்சம் விபூதி பூசிவிட்டான். அன்று பத்து நிமிடம் முன்னதாகவே இருண்டது.

இதற்கிடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் கிளினிக்குக்குப் போனாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று ஒவ்வொரு முறையும் திட்டும் நர்ஸ், இந்த முறை அட்டையை இரண்டு தடவை பார்த்தாள். நன்றாக இறங்கியிருக்கிறது, என்ன செய்தாய் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லையே என்றாள் பவானேஸ்வரி. அவள் வாழ்க்கையில் புதிதாக வந்தது கவலை ஒன்றுதான். கவலைக்குச் சர்க்கரை இறங்குமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் வந்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் சாந்தி கூப்பிட்டாள். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. வரும் வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு ஒரு பெரிய கூட்டம். கணக்கில் வராத நாற்பது கண்டெய்னர்களைப் பற்றிப் பவானேஸ்வரிதான் விளக்க வேண்டும்.

"நா ஒனக்காக நெறைய பேசிட்டேன் பவானி. இந்த தடவையும் லைன் கட் ஆனா, ஒண்ணாந்தேதியிலேர்ந்து கிள்ளானுக்கு வரச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லலா."

கிள்ளான் என்றால் அங்கே ஓர் அறை எடுத்துத் தங்க வேண்டும். சேகரன் ஷிப்ட் முடிந்து வரும்வரை மருதமுத்து தனியாக இருக்க வேண்டும். குளியலறைக்கு எழுந்து போகிற அந்த இருபது அடியில் அவரைத் தாங்க யாரும் இருக்க மாட்டார்கள். வேலையை விடலாம் என்றால், வீட்டுக் கடனில் பாதி அவள் பெயரில் இருந்தது. சேகரனிடம் மட்டும் சொன்னாள். மாமாவிடம் சொல்ல வேண்டாம், மனசு நொந்துபோவார் என்று கேட்டுக்கொண்டாள்.

பிறகு தாவூதைக் கூப்பிட்டாள். "அண்ணே, வியாழக்கிழமை நீங்களே வந்து பக்கத்துல இருந்து பாருங்க. எனக்கு வேற வழி தெரியல."

தாவூது கடையை மனைவி ரபியாவிடம் விட்டுவிட்டு, பதினொன்றரைக்கே வந்துவிட்டார். மருதமுத்துவுக்கு சலாம் சொல்லிவிட்டுப் பின்னறைக்கு வந்து, டாக்குக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் டார்ச் லைட், மறு கையில் மாற்றுக் கேபிள். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருப்பவர் போல அசையாமல் இருந்தார்.

கூட்டம் ஆரம்பித்தது. பன்னிரண்டரைக்கு அவள் முறை வந்தது. முதல் பத்துக் கண்டெய்னர், இருபது, இருபத்தைந்து. எதிர்முனையில் யாரோ தலையாட்டுவது தெரிந்தது. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று இருந்தவள், பார்த்துவிட்டாள். பன்னிரண்டு நாற்பத்து நாலு.

இருண்டது.

அவள் அழவில்லை. என்ன நினைத்தாளோ, அந்த ஒற்றைக் கேபிளை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். கைத்தொலைபேசி இணையத்தில் இணைத்து மறுபடி கூட்டத்துக்குள் நுழைந்தாள். ஒரு வயர் கிடையாது, பெரிய திரை கிடையாது. சின்னத் திரையில் எழுத்து எறும்பாக ஊர்ந்தது. ஆனால் அந்த நாற்பது கண்டெய்னரும் அவளுக்கு மனப்பாடம். இருபத்தாறிலிருந்து நாற்பதுவரை பார்க்காமலே சொல்லி முடித்தாள்.

ஒன்றேகாலுக்குக் கூட்டம் கலைந்தது. உடனே சாந்தி போன் செய்தாள். வாடிக்கையாளர்களுக்குத் திருப்தி, நடுவில் அறுந்ததைப் பெரிய முதலாளி கவனிக்கவேயில்லை, அவள் வீட்டிலேயே இருந்து வேலை செய்யலாம். பவானேஸ்வரி சரி சரி என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு, பிடுங்கி எறிந்த கேபிளைக் குனிந்து எடுத்தாள்.

திரும்பிப் பார்த்தால் தாவூதைக் காணவில்லை. மாற்றுக் கேபிள் தரையில் கிடந்தது. டாக்கிலிருந்து புறப்பட்ட வயரை விரலால் தடவிக்கொண்டே துளைவரை போய், அங்கிருந்து எழுந்து அவர் ஹாலுக்குப் போயிருந்தார்.

அவள் ஹாலுக்கு வந்தாள். மருதமுத்து தன் நாற்காலியில் இருந்தார். தாவூது பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தாவூதின் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று இருந்தது.

"கேபிள்ல ஒரு கொறையும் இல்ல தங்கச்சி" என்றார் தாவூது மெதுவாக. "பெட்டியிலயும் கொறையில்ல. நா வர்றப்போ அய்யாவோட கை சுவிட்சு மேல இருந்துச்சு."

பவானேஸ்வரி மாமனாரின் முன்னால் போய்க் குனிந்தாள்.

"மாமா, தினமும் நீங்களா அணைச்சீங்க?"

மருதமுத்து மறைக்கவில்லை. அவள் எழுந்து வரும் சத்தம் கேட்டதும் திரும்பப் போட்டுவிடுவதாகவும் சொன்னார். பிறகு, பக்கவாதத்தில் குழறும் நாக்கால், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"மூணு மணி வரைக்கும் சாப்பிடாம கெடந்தியேம்மா. முன்ன இருந்த அத்தன வயர்ல எத அணைச்சா நீ எந்திரிப்பேன்னு எனக்குத் தெரியல. நீ ஒத்த வயரா ஆக்குன பெறகுதான் சுலபமா போச்சு."