சைபீரியா டைலர் தைத்த கையுறை

உலகத்திலேயே குளிரைப் பற்றி அதிகம் கவலைப்பட்ட மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த சைபீரியா டைலர் என்றுதான் சொல்வேன். இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் தொட்ட மிகக் குளிர்ந்த பொருள் பன்னீர் சோடா. அதையும் "ரொம்ப சில்லுனு இருக்கு, கொஞ்சம் வெயில்ல வையி" என்று வெதுவெதுப்பாக்கிக் குடிப்பார்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மார்கழியில் பத்து மணிக்கு மேல் குடை பிடிக்கிற ஊர் அது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் இந்த மனிதர் பஞ்சு வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு தையல் மெஷின் மிதிப்பார். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் கடையை ஒட்டி நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். போன் பேச வருகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அவருக்குக் காய்ச்சலா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டது.

எல்லாம் ஒரு துணி மூட்டையால் வந்த வினை. வெளிநாட்டுப் பழைய துணிகளை மூட்டையாக வாங்கி, பிரித்து, நம் ஆட்கள் அளவுக்குச் சின்னதாக்கிச் சந்தைக்காரர்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். ஒருநாள் மூட்டையை அவிழ்த்தால் உள்ளே ஓர் ஆளே படுத்திருப்பது போல ஓர் உடுப்பு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு. முட்டியிலும் முழங்கையிலும் இரட்டைத் துணி. கழுத்துக்கு உள்பக்கம் ஒரு படம். வெள்ளை வெளேரென்று பனி, நடுவில் ஓர் ஓட்டை, பக்கத்தில் முக்காலி போட்டு ஒருவன் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறான்.

"தம்பி, இவன் என்ன பண்றான்?"

"ஏரி உறைஞ்சு போயிருக்குண்ணே. ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் புடிக்கிறான்."

"வூட்ல சண்டையா?"

"இல்லண்ணே, அந்த ஊர்ல அது வழக்கம்."

எங்கள் ஏரி காய்ந்து வெடித்துத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஏரி உறையும் என்பதை நம்பவே அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. நம்பிய பிறகு வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை. "அந்த எடத்துல ஒருத்தன் நிம்மதியா உக்காந்திருக்கான்னா அது அவன் தைரியம் இல்ல தம்பி. தையல்காரன் குடுத்த தைரியம்" என்பார். உடுப்பைச் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அதற்கும் காட்டினார்.

அதிலிருந்து அவர் கையில் கொடுத்த துணியெல்லாம் பனிப்பிரதேசத்துக்குப் போக ஆரம்பித்தது. ஊரும் அவருக்குச் சைபீரியா டைலர் என்று பேர் வைத்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார். இவர் உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்துவிட்டார். காலைப் பிரேயரில் கொடி ஏறுவதற்குள் வாத்தியார் மயங்கித் தரைக்கு இறங்கிவிட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கடை வாசலில் உட்காரவைத்தபோது டைலர் அசரவில்லை. "சார், ஊட்டிக்கு டூர் போவீங்கல்ல, அப்ப என்னை நெனைப்பீங்க" என்றார்.

அடுத்து, தாமே ஒரு முழு உடுப்பு தைக்கக் கிளம்பினார். மேல்துணிக்கு அரியலூருக்குப் போய் சிமெண்ட் லாரிகளின் கிழிந்த தார்ப்பாயை வாங்கிவந்தார். உள்ளே இலவம்பஞ்சு. மெத்தைக்குப் போடுகிற தையல். தைத்து முடித்ததும் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க, பேண்ட் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். தார்ப்பாயின் மடிப்பிலெல்லாம் சிமெண்ட் இருந்தது அவருக்கு ஞாபகமில்லை. மறுநாள் கடையைத் திறந்தால் பேண்ட் தானாக நின்றுகொண்டிருந்தது.

எதிர் டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "யோவ், இதுக்கு ஆளே வேணாம் போலருக்கே. தானே வேலைக்குப் போயிட்டு வந்துரும்."

"ஸ்ட்ராங்குய்யா, ஸ்ட்ராங்கு!" என்றார் டைலர். பிறகு கல்லில் அடித்து அடித்து அதை மடக்குவதற்குள் ஒரு வாரம் ஆனது. அதற்கப்புறம் தார்ப்பாயைத் துவைத்துவிட்டுத்தான் வெட்டுவார்.

இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் தனம் வந்தாள். பக்கத்துக் குன்னத்துக்காரி. அவள் புருஷன் முருகேசனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வேலை. போர் போடுகிற லாரிகள் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே இமாச்சலம் வரைக்கும் போகும். போன குளிர்காலத்தில் அங்கே இரும்பு ராடுகளைக் கழற்றி மாட்டி முருகேசனுக்கு விரல்களெல்லாம் வீங்கிக் கறுத்துவிட்டன. ஊர் திரும்பி மூன்று மாதம் தனம்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். இப்போது மழை இல்லை, வெங்காயமும் கருகிவிட்டது. மறுபடி வண்டி கிளம்புகிறது. இந்த முறை போனால் துளை போடுகிற மெஷினையே ஓட்டும் டிரில்லர் வேலை. போகாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. இன்னொரு தடவை விரல் கறுத்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, எல்லாரும் உங்களக் கிறுக்குன்னு சொல்றாங்க" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லட்டும்மா."

"எனக்கு இப்ப கிறுக்குதான் வேணும். அவரு கையோட திரும்பி வரணும். உங்க துணி தாங்குமா?"

இதுவரை அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. டைலர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "தாங்கும்" என்றார்.

"அப்ப காட்டுங்க."

எங்கள் ஊரில் குளிரை எங்கே போய்க் காட்டுவது? ஐஸ் கம்பெனிக்குத்தான் போனோம். பூத்தைப் பூட்டிவிட்டு நானும் போனேன், இதைவிட முக்கியமான போன் எதுவும் வந்துவிடாது என்ற நம்பிக்கையில். அங்கே தரை முழுக்க மரப்பலகை மூடிகள். ஒன்றைத் தூக்கினால் கீழே உறையாத உப்புத் தண்ணீர், அதற்குள் ஐஸ் டின்கள். ஐஸைவிடக் குளிர்ச்சி அந்தத் தண்ணீர். அச்சு அசல் படத்தில் இருந்த அதே ஓட்டை. டைலர் முக்காலி போட்டு, தார்ப்பாய் உடுப்போடு ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பெனிக்காரர், "மீனு கெடைச்சா எனக்குப் பாதி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலை டீ வேளையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டு வேளை வரை அசையவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். தனம் சேலையைப் போர்த்திக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பண்ணலம்மா. பசிதான் எடுக்குது" என்றார் டைலர் பெருமையாக.

"ஒடம்பு சரிங்கண்ணே. கை?"

டைலர் தம் கையைப் பார்த்தார். தார்ப்பாயில் பை மாதிரி ஏதோ தைத்து மாட்டியிருந்தார். அதோடு கையை ஓட்டைக்குள் விட்டார். தையல் வழியாகத் தண்ணீர் இறங்கியதும் அவர் முகம் கோணியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. நாங்கள் இழுத்து வெளியே எடுத்தபோது விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. தனம் தன் முந்தானையால் அந்தக் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது பழகிய வேலை.

அன்றைக்குப் பூராவும் டைலரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான்தான் கோத்துக் கொடுத்தேன். "இப்பத்தான் தம்பி தெரியுது, தனத்தோட புருசன் என்ன பாடு பட்டிருப்பான்னு" என்றார். அதுவரை குளிர் அவருக்கு ஒரு படம். அதன் பிறகு அவர் கடையில் சிரிப்பே கேட்கவில்லை.

பழைய தோல் பை, சைக்கிள் டியூப், கம்பளி என்று எதையெதையோ வெட்டித் தைத்தார். ஒன்று தண்ணீர் விட்டது. ஒன்றில் விரல் மடங்கவில்லை. ராடைப் பிடிக்க விரல் மடங்க வேண்டுமே. முருகேசனே ஒருநாள் முழு உடுப்பையும் போட்டுப் பார்க்க வந்தான். எல்லாப் பொத்தானையும் மாட்டி முடித்ததும் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, ஒண்ணுக்கு வந்தா?"

டைலர் உடுப்பைச் சுற்றி வந்து பார்த்தார். வழியே வைக்கவில்லை. "அடக்கிக்க முடியாதா?" என்றார்.

"ரெண்டு மாசமாண்ணே?"

அதை உட்கார்ந்து சரிசெய்தார். ஆனால் கையுறைதான் அமையவில்லை. வண்டி கிளம்ப ஒருநாள் இருக்கும்போது நான் பூத்தைத் திறக்கப் போனால், சுவரில் அந்த வெளிநாட்டு உடுப்பைக் காணோம். கடைக்குள் டைலர் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அது கிடந்தது. உடுப்பின் இரண்டு கைகளையும் முழங்கை வரை வெட்டியாகிவிட்டது. நூல் கட்டையைக்கூட அதன்மேல் வைக்க விடாதவர்.

"அண்ணே, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தண்ணி எறங்காத துணி, மடங்குற துணி இது ஒண்ணுதான் இருக்கு தம்பி. செவுத்துக்கு என்ன குளிரா அடிக்குது?" என்றார். நான் எட்டிப்போய் அவருக்கு ஒரு டீ சொன்னேன்.

சிறுவாச்சூர் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் போர் வண்டி வடக்கே கிளம்பியது. முருகேசன் கையுறையை மாட்டிக்கொண்டே லாரியில் ஏறினான். கழற்றினால் டைலர் விட்டிருக்க மாட்டார்.

அப்புறம்தான் எனக்குக் கஷ்டகாலம். பூத்தில் போன் மணி அடித்தால் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றுவிடும். "இமாச்சலமா?" என்று ஒரு குரல் வரும். துறையூரிலிருந்து யாரோ உரம் விலை கேட்பார். மெஷின் மறுபடி ஓடும். ஒருநாள் என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி, ராங் நம்பர்காரனிடம், "அங்க குளிரு எப்படி?" என்று கேட்டுவிட்டார். அவன் விழுப்புரத்துக்காரன். சந்தை நாளெல்லாம் தனமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன் ஒரு பாவமும் அறியாதது போல இருக்கும்.

பொங்கலுக்கு முந்தைய சந்தையன்று மணி அடித்தது. எடுத்தேன். இரைச்சலுக்கு நடுவே முருகேசன்.

"பூத்தண்ணே, டைலரண்ணன் இருக்காரா?"

டைலர் ஏற்கெனவே என் தோளுக்குப் பின்னால் நின்றார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். "கை?" என்று மட்டும் கேட்டார்.

நான் காதைப் பக்கத்தில் வைத்தேன். "எங்க பாத்தாலும் பனிண்ணே. வண்டி டீசலே ஒறைஞ்சு போச்சு. கையி..." என்று நிறுத்தினான். "கையி வேர்க்குதுண்ணே!"

டைலர் ரிசீவரைத் தனத்திடம் கொடுத்தார். அவளுக்கு நம்பிக்கையில்லை. "எங்க, வெரல மடக்குங்க" என்று போனில் அதட்டினாள். "மடக்கிட்டீங்களா? எல்லா வெரலும்? சுண்டு வெரலு?" பக்கத்தில் டைலரும் தம் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனம் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் ஏதோ பில்லைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

டைலர் கடைக்குப் போய், முதல் முறையாகக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஃபேனைப் போட்டார். அந்த வருஷத்திலிருந்து போர் வண்டிகள் எல்லாம் வடக்கே கிளம்புமுன் அவர் கடை வாசலில் நின்று கையுறை வாங்கிக்கொண்டுதான் போயின.

பூத்தை மூடிவிட்டு நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது எனக்கும் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். "எனக்கு எதுக்குண்ணே?" என்றேன். "போற எடம் எப்படியோ, யாரு கண்டா?" என்றார். நான் போனது திருச்சிக்கு. கையுறைக்கு அங்கேயும் வேலையில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒருநாள், பொங்கலுக்கு முன்னால், அதை எடுத்து மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். கை நன்றாக வேர்க்கும்.