கடமான் தலையும் காதர் பாயின் லீவும்

பட்டியல் போடுகிறவர்கள் தவறே செய்வதில்லை என்று இருபத்தைந்து வயதில் நம்பியிருந்தேன். வரிசை எண் கொடுத்துத் தவறு செய்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

2000-களின் நடுவில், துபாயில் கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் கம்பெனியில் நான் இன்ஜினியர். ஒரு மாலில் ஐரோப்பியச் சாப்பாட்டுக் கடை. சுவரில் மாட்ட ஃபைபரில் செய்த ‘எல்க்’ தலை வேண்டுமென்று கடை முதலாளி படத்தோடு கேட்டிருந்தார். முறம் போல அகன்ற கொம்பு, தொங்கும் மூக்கு. (ஐரோப்பாவில் எல்க் என்பதை அமெரிக்காவில் மூஸ் என்பார்கள். அமெரிக்காவில் எல்க் என்றால் கிளைகிளையாகக் கொம்புள்ள வேறு மான். தமிழ் அகராதி கடமான் என்கிறது. ஊரிலோ கடமான் என்றால் நம் காட்டு மிளா மான். அன்று எனக்குத் தெரிந்தது எக்செல் மட்டும்.)

வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் படங்களோடு மெயிலில் போகவில்லை, கனம் அதிகம். படங்களை எல்லாம் அழித்துவிட்டு அமெரிக்க சப்ளையருக்கு அனுப்பினேன். பட்டியல் எப்படி இளைத்து அழகாகிவிட்டது என்று ரசிக்கவும் செய்தேன்.

பெட்டி வந்த அன்று ஸ்டோர் கீப்பர் காதர் பாய் போன் செய்தார். காயல்பட்டினத்துக்காரர். அடுத்த வெள்ளிக்கிழமை மகளுக்கு நிக்காஹ். புதன்கிழமை அவருக்கு விமானம்.

“தங்கச்சி, கொம்பைப் பார்த்தா நம்மூரு மிளா மாதிரி இருக்கு. ஒரு படம் அனுப்புங்க, பார்த்துட்டு கையெழுத்துப் போடுதேன்.”

“பட்டியல்ல என்ன இருக்கு, பாய்?”

“எல்க் தலை, ஒண்ணு.”

“பெட்டி மேல?”

“அதேதான்.”

“அப்புறம் என்ன? போடுங்க.”

போட்டார்.

திங்கட்கிழமை சுவரில் ஏறியதைப் பார்த்த கடை முதலாளி, இது யார் என்று கேட்டார். எங்கள் மேனேஜர் ரசீதை எடுத்தார். யார் கையெழுத்தோ அவர் தலை உருளும் என்பதுதான் எங்கள் கம்பெனி வழக்கம். மாற்றுத் தலை வரும்வரை காதர் பாய்க்கு லீவு ‘மாஃபி’, அரபியில் கிடையாது. அவர் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியிலேயே இருக்கும் என்று சொல்லிவிட்டார். காதர் பாய் என் பெயரை எடுக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? பட்டியல் போட்டேன். உண்மையைச் சொன்னால் வரும் நன்மைகள், தீமைகள். தீமை ஏழு தேறியது. நன்மை ஒன்றுதான்: ‘அவர் கல்யாணத்துக்குப் போகலாம்.’ அந்த ஒன்றுக்கு எத்தனை மதிப்பெண் போடலாம் என்று யோசிப்பதற்குள் செவ்வாய் போனது. புதனும் போனது, விமானமும் போனது.

வியாழக்கிழமை காலை மேனேஜரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். சனிக்கிழமைக்கு முன் எந்த விமானத்திலும் இடமில்லை.

காதர் பாயின் அண்ணன் முன்னின்று நிக்காஹ் நடத்திக்கொடுத்தார். காதர் பாய் ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே நின்று அதைப் போனில் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். “சொல்லிட்டீங்கள்ல, விடுங்க” என்றார். ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்கவேயில்லை.

பெண்ணின் வாப்பா எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, காதர் பாயின் மனைவி பதற்றத்தில், “துபாயில மான் பிடிக்கப் போயிருக்காக” என்றாராம். அந்த வீட்டில் இன்றும் யார் தாமதமாக வந்தாலும் மான் பிடிக்கப் போனவர்தான்.

போன வருஷம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி, பக்கத்துக்குப் பக்கம் அதையே சொல்லிச் சிரிக்கவைத்தாள். நானும் சிரித்தேன். மொத்தம் ஐம்பத்திரண்டு படங்கள், ஒன்றிலும் காதர் பாய் இல்லை. எண்ணாமல் இருக்க முடியவில்லை.