ஐந்தாம் எண் லிங்க்

"போன மாசப் பரிசு யாதிராவுக்கு. அதுக்கு முந்தின மாசமும் யாதிராவுக்கு. எங்களுக்கெல்லாம் வெந்நீர் ஊத்துல குளிக்கத் தெரியாதா?" என்றான் வில்மார்.

ஆபீஸ் முதலாளி தோன் எலியெசேர் சன்னலைப் பார்த்தார். கொலம்பியாவின் பெரெய்ரா நகரில் ஒன்பதாவது நாளாக மழை.

மெத்தைக் கம்பெனியின் லிங்கை வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புவதுதான் அவருடைய ஆபீசின் வேலை. யாராவது அதன் வழியாக மெத்தை வாங்கினால் ஆபீசுக்குக் கமிஷன். வேலை பார்க்கும் நான்கு பேருக்கும் மாதச் சம்பளம். கம்பெனி ஐந்து உறுப்பினர் கேட்டது; ஆளுக்கு ஓர் எண், தனி லிங்க். எண்ணிக்கையை நிரப்ப, மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்க் வைத்துக் காப்பி விற்கும் தோனா ரூபியேலாவின் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

மே முப்பதாம் தேதிக்குள் சம்பளத்தில் இருப்பவர்கள் இருநூறு மெத்தை விற்றாக வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. ஆபீசைப் பூட்ட வேண்டியதுதான். அதனால்தான் இந்தப் பரிசு: அதிகம் விற்பவருக்குச் சாந்தா ரோசா வெந்நீர் ஊற்றில் இரண்டு நாள், சாப்பாட்டோடு.

"சரி, ஏற்கெனவே ஜெயிச்சவங்களுக்கு இந்த மாசம் பரிசு கிடையாது" என்றார்.

வில்மார் மேசையைத் தட்டினான். யாதிரா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அரத்தை எடுத்தாள்.

"என்னம்மா?"

"கிடைக்காத பரிசுக்கு நான் ஏன் கத்தணும்? இவரு விக்கட்டும். மூணு மாசமா மூணு மெத்தை வித்த மகராசன்."

ஒரு வாரத்தில் சுவர்ப் பலகையில் நான்கு பெயர்களுக்கும் சேர்த்து ஆறு மெத்தை. எலியெசேர் மறுபடி விதியை மாற்றினார்.

"போன வாரத்தைவிட யார் அதிகமா முன்னேறுறாங்களோ, அவங்களுக்குப் பரிசு. யாதிராவும் சேர்த்திதான்."

ஓரமாக இருந்த நோரெலி யோசித்துக் கேட்டாள்: "அப்ப இந்த வாரம் ஒண்ணுமே விக்காம இருந்தா, அடுத்த வாரம் முன்னேற்றம் நல்லாத் தெரியுமில்ல?"

"அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாதும்மா."

ஆனால் நான்கு பேரும் அதற்குள் யோசித்து முடித்திருந்தார்கள். அந்த வாரம் பலகையில் நான்கு பூஜ்யங்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியே கீழே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார்கள், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. விரக்தியில் இருக்கிறார்கள், பாவம் என்று எலியெசேர் நினைத்துக்கொண்டார்.

கடைசி வாரம் கெஞ்சிப் பார்த்தார். "யாருக்கும் தனிப் பரிசு வேண்டாம். எல்லாரும் சேர்ந்து வித்தா, எல்லாரும் சேர்ந்தே போகலாம்."

"வில்மார் கூட ஒரே தொட்டியிலயா?" என்றாள் யாதிரா.

"நான் வீட்டுலயே குளிச்சுக்கறேன்" என்றான் நான்காவது ஆளான ஃபேபர். அந்த மாதம் ஆபீசுக்குள் அவன் பேசியது அது ஒன்றுதான்.

முப்பத்தொன்றாம் தேதி காலை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் நான்கு உறுப்பினர்களும் சேர்ந்து விற்றது ஒன்பது. எனவே உங்கள் அலுவலகத்துடனான ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாததால் உங்கள் கணக்கில் சேராத ஐந்தாம் எண் உறுப்பினர் மட்டும் இருநூற்றுப் பதினான்கு மெத்தை விற்றிருப்பதால், இனி அவருடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கிறோம்.

மூன்று முறை படித்தார். பிறகு மாடிப்படியில் இறங்கினார். அந்த மாதத்தில் அவர் காப்பிக்காக இறங்கியது அதுவே முதல் தடவை. தோனா ரூபியேலா குடையைச் சரித்து அவருக்கு இடம் கொடுத்தாள்.

"நனையாதீங்க தோன் எலியெசேர். கறுப்புக் காப்பிதானே? என்ன முகம் இப்படி இருக்கு?"

"இருநூத்திப் பதினாலு மெத்தை, தோனா ரூபியேலா. எப்படி வித்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் காப்பியை ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எங்க வித்தேன்? உங்க பிள்ளைங்க நாலு பேருந்தான் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் இறங்கி வந்து, 'இந்த ஆளை உங்க லிங்க்ல மெத்தை வாங்க வைங்க, பரிசு உங்களுக்கு வந்தாலும் சரி, மாடியில இருக்கற எவனுக்கும் போயிடக் கூடாது'ன்னு மாசம் பூரா ஓடி ஓடி வித்தாங்க."