என் மனைவியை ஈரம் வரைந்த கதை

மாத்தளை மாவட்டத்திலேயே சும்மா இருப்பதற்கு மரியாதை வாங்கித் தந்த ஒரே மனிதர் ஈரம்தான். வேறு யாராவது காலை நேரத்தில் கதிரை போட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தால், "வேலை வெட்டி ஒண்ணும் இல்லையா?" என்று எங்கள் தெரு கேட்டுவிடும். ஈரம் உட்கார்ந்திருந்தால் மட்டும், "சத்தம் போடாதீங்க, ஆர்ட்டிஸ்ட் யோசிக்கிறாரு" என்பார்கள். மீன் விற்கிறவர்கூட அந்த இடம் வந்ததும் மோட்டார் சைக்கிளை அணைத்துத் தள்ளிக்கொண்டு போவார். நானும் யோசிக்கிறவன்தான். எனக்காக யாரும் எதையும் தள்ளிக்கொண்டு போனதில்லை.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. வரையச் சொன்ன படத்தைக் கேட்டு யார் போனாலும், "இன்னும் ஈரமா இருக்குங்க" என்பதுதான் பதில். அதனால் ஈரம். படம் தொடங்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அந்தப் பதிலுக்கு இல்லை.

ஹாஜியாரின் மிளகு, கராம்புக் கடைக்கு மேலே இருக்கும் அறைதான் அவர் வீடும் பட்டறையும். எதிர் வீடு என்னுடையது. நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். டிப்ளோமா சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. தெருவில் எல்லோரும் என்னை 'சித்திர சார்' என்பார்கள். 'ஆர்ட்டிஸ்ட்' என்ற சொல்லை மட்டும் இடுப்பில் சாரம் கட்டிய அந்த மனிதருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரையும்போது பிரஷை அதில்தான் துடைப்பார். ஒருநாள் அதைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். தம்புள்ளைப் பக்கம் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வேனை நிறுத்தி, அதைத் தருவாரா என்று சைகையில் கேட்டது. ஈரம் வெகு நேரம் சாரத்தைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் முடியல" என்றார். என்னுடைய படங்கள் எல்லாம் முடிந்தவை. ஒரு வேனும் நின்றதில்லை.

ஹாஜியார் தன் கடைக்கு ஒரு கராம்பு மரம் வரைந்து தரச் சொல்லி நெடுநாள் காத்திருந்தார்.

"ஈரம், எங்கட மரம் என்ன செய்யுது? காஞ்சிட்டா?"

"இலையெல்லாம் காஞ்சிருச்சி ஹாஜியார். தண்டுதான் ஈரமா இருக்கு."

ஒருவழியாக மரம் கடைக்கு வந்தது. அன்றைக்குக் கீழே மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். தூசி பறந்து வந்து ஈரமான பெயின்டில் ஒட்டிக்கொண்டது. அன்று முதல் படத்தின் கிட்டே போகிறவர்கள் எல்லாம் தும்மினார்கள். நான் உள்ளூரக் குளிர்ந்து போனேன். ஹாஜியாரோ வருகிறவர்களை எல்லாம் படத்தின் முன்னால் நிறுத்தி, "பாத்தீங்களா, படத்துலயே காரம் ஈக்கி. சாமான் எப்படி ஈக்கும்னு யோசிச்சிக் கொள்ளுங்க" என்று வியாபாரத்தைப் பெருக்கிக்கொண்டார்.

ரிவர்ஸ்டன் மலைப் பனியை வரையப் போகிறேன் என்று ஒருமுறை கன்வஸோடு பஸ் ஏறினார். ரத்தோட்டை வரை அந்தக் கன்வஸ் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போனதாம். கொண்டக்டரே இடம் பிடித்துக் கொடுத்தாராம். மேலே போய் வரைந்துகொண்டிருக்கையில் காற்று அதைப் பிடுங்கித் தேயிலைக்குள் வீசிவிட்டது. கொழுந்து பறிக்கிற பெண்கள் தேடி எடுத்துவந்து கொடுத்தார்கள். பனியெங்கும் அவர்களின் விரல் அடையாளம், ஓரத்தில் ஒட்டிய இலைகள். மனுஷன் அதையெல்லாம் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார். பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். நானும் ரிவர்ஸ்டன் வரைந்திருக்கிறேன். ஒரு தூசி இல்லாமல், ஒவ்வொரு புல்லாக. அதன் மேல் ஒரு வங்கிக் கலண்டர் தொங்கியது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். பொறுக்க முடியாதது ஒரு சனிக்கிழமை வந்தது. என் மனைவி சாரதா ஹாஜியார் கடையிலிருந்து வந்து பையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஈரம் அண்ணே என்னைய ஒரு படம் வரையணுமாம். எனக்கு நல்ல மூக்காம்."

"மூக்கு வேணும்னா நானே வரைவேனே."

"நீங்க கல்யாணமான புதுசுல ஒண்ணு வரைஞ்சீங்களே. உங்க அம்மாவே அதப் பாத்துட்டு, நான் எப்படா இந்தச் சாரிய கட்டுனேன்னு கேட்டாங்க."

நான் பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

வார இறுதிப் பின்னேரங்களில், கடை வாசல் வெளிச்சத்தில் சாரதா உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹாஜியாரின் மனைவி பாய் விரித்து ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார். தெருவே பார்க்க நடக்கிற காரியம். தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் என் கால்கள் அங்கேதான் போயின. மிளகு வாங்கப் போனேன். அடுத்த நாள் மறுபடியும் மிளகு வாங்கப் போனேன். ஒரு கட்டத்தில் ஹாஜியாரே, "சார் வீட்டுல மொளகு திங்கிறது யாரு?" என்று கேட்டார்.

மூட்டைகளுக்கு நடுவில் நின்று பார்ப்பேன். ஈரம் சாரதாவிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூக்கோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் நான் அதை அப்படிப் பார்த்ததில்லை.

ஒருநாள் நான் கிளம்பப் போனபோது அவர் திரும்பாமலே சொன்னார். "சார், அப்படியே கொஞ்சம் நில்லுங்க."

"ஏன்?"

"வெளிச்சம் கூடிருச்சி. நீங்க மறைச்சா சரியா இருக்கு."

என்னைத் திரைச்சீலை ஆக்கிவிட்டாரே என்று பொருமிக்கொண்டே நின்றேன்.

படம் எப்போது முடிந்தது என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் ஈரமாக இருந்தது. கடைசியில் நகர மண்டபத்தில் மாவட்ட ஓவியர்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். என் ரிவர்ஸ்டனையும் கலண்டரிலிருந்து மீட்டுக் கொண்டுபோய் மாட்டினேன். அதன் கீழே காவலாளி கதிரை போட்டுத் தூங்கினார். கூட்டம் முழுக்க எதிர்ச் சுவரில் நின்றது. முண்டியடித்துப் போய்ப் பார்த்தேன்.

முன்னால் சாரதா. மூக்கு உட்பட எல்லாமே அவள்தான். பின்னால், மூட்டைகளின் இருட்டுக்குள், மிளகுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு முகம். உதடு இறுகி, கண் இடுங்கி, தாடை ஒரு பக்கம் இழுத்து. பார்க்கிறவர்கள் சாரதாவைக் கடந்து அந்த முகத்தில் போய் நின்றுவிட்டார்கள்.

"பாவம், பல்லு வலி போல" என்றாள் ஒரு பெண்.

"பல்லு இல்லடி. புருஷன்" என்றாள் அவள் தோழி.

ஆத்திரத்தில் படத்தில் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கிட்டப் போயும் தள்ளிப் போயும் பார்த்தேன். காது சிறிதாக இருப்பதுபோல் தெரிந்தது. கழிவறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். என் காது அப்படித்தான் இருந்தது. பொறாமையை இப்படி வரைய எனக்கு எந்த ஜன்மத்திலும் வராது என்று தெரிந்தபோது, படத்தில் இருந்த முகம் இன்னும் கொஞ்சம் இறுகி என் மேலேயே வந்து உட்கார்ந்தது.

வெளியே படிக்கட்டில் பால் விடாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார் ஈரம்.

"என்னைய எதுக்குப் போட்டீங்க?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அக்காவ மட்டும் போட்டப்போ படம் நிக்கல சார். அழகான ஒரு பொம்பள, அவ்வளவுதான். நீங்க வந்து நின்ன பொறகுதான், இவங்களுக்காக ஒருத்தரு இன்னும் இப்படி வேகுறாரேன்னு படம் எந்திருச்சிச்சி."

சாரதா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்காகவாவது அந்த மனுஷனை மன்னித்திருக்கலாம். நான் மன்னிக்கவில்லை. ஈரம் சாரதாவுக்கே கொடுத்துவிட்ட அந்தப் படம் எங்கள் வீட்டு ஹோலுக்கு வந்து, வருகிற விருந்தாளிகள் எல்லாம் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கியதும் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. வயல் அறுப்பை வரையப் போகிறேன் என்று ரிவர்ஸ்டனுக்கு அப்பால் பல்லேகமவுக்குக் கிளம்பிவிட்டார். வாரங்கள் போயின. எங்கள் தெருவில் எல்லோரும் இப்போது பயமில்லாமல் சத்தம் போட்டார்கள். எதிரே வெறும் கதிரை. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பின்னேரங்களில் எதைப் பார்த்து வயிறெரிவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரதா சோற்றுப் பார்சல் ஒன்றைக் கட்டி என் கையில் வைத்தாள். "பஸ்ஸுல போய் அவருக்குக் குடுத்துட்டு வாங்க. என்ன சாப்பிடுறாரோ." முணுமுணுத்தபடியே போனேன்.

பனிக்குள் ஏறி இறங்கி பஸ் பல்லேகம சேர்ந்தபோது உச்சி வெயில். வரப்போரத்து மரத்தடியில் இருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து நிழலில் இடம் விட்டார். பெயின்ட் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டார். கன்வஸில் வயலும் அறுக்கிற ஆட்களும் வந்துவிட்டிருந்தார்கள். பின்னால் மலை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது.

"மலை மட்டும் வர மாட்டேங்குது சார். நீங்க போடுங்க," என்று பிரஷை நீட்டினார்.

அவருக்கு மலை வரும். எப்பேர்ப்பட்ட மலையும் வரும். அதை நான் சொல்லவில்லை. பிரஷை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி பஸ் வரும்வரை அந்த மலையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.