கொழுக்கட்டைப் பந்து

"அப்பா, இது வட்டமா இருக்கு."

நீக்கிலாப்பிள்ளை கையிலிருந்த பழைய பந்தைப் பார்த்தார். "பந்து வேற எப்பிடி இருக்கும், பிள்ளை?"

"அண்ணா விளையாடினது அமெரிக்கன் ஃபுட்போல். அது முட்டை மாதிரி," என்றாள் ஷெரோன்.

அவள் அண்ணன் நிஷானின் கார் பெப்ரவரிப் பனியில் வழுக்கியது. அதோடு அவன் போய்விட்டான். 1874இல் மொன்ட்ரியால் மாணவர்கள் ஹார்வர்டுக்குப் போய் ஆடிய ஃபுட்போல் ஆட்டங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன், அவற்றைத் தோழர்களோடு திரும்ப ஆடிப் பார்க்கவும் திட்டம் போட்டு வைத்திருந்தான். இன்று மத்தியானம் அவன் நினைவாக ஆடுகிறார்கள். "அங்கிளைப் பந்து கொண்டுவரச் சொல்லுங்கோ" என்று அவனுடைய தோழன் டினோஜன் ஷெரோனிடம் சொல்லியிருந்தான்.

நீக்கிலாப்பிள்ளை மன்னாரில் கோல்காப்பாளராக நின்றவர். "காலால உதையாததுக்கு என்ன உதைபந்தாட்டம்?" என்று கேட்டுக் கேட்டே மகனுடைய ஒரு மட்சுக்கும் போனதில்லை. இன்றைக்காவது பிழை விடக்கூடாது.

"கடையில வாங்குவம், அப்பா."

"நேரமில்லை. இதையே நீட்டுவம்."

காற்றை அரைவாசி இறக்கி, பந்தைக் கதவிடுக்கில் வைத்து, கதவைத் தோளால் நெரித்தார். ஷெரோன் பம்ப் அடித்தாள்.

"இப்ப?"

"பப்பாப்பழம். முனை வேணும்."

சாக்கு ஊசியால் முனையை இழுத்துத் தைத்தார். புஸ்ஸென்றது.

நிஷானுக்கு ஏழு வயதில் அவர் வாங்கிக் கொடுத்த பந்து அது.

"அழாத, பிள்ளை. உள்ளுக்கு ஏதாவது அடைவம்."

பெப்ரவரியிலிருந்து திறக்காத அலுமாரி லாச்சியைத் திறந்து நிஷானின் காலுறைகளை எடுத்தார். ஒன்றை மட்டும் முகர்ந்து பார்த்துத் தன் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். மிச்சத்தை அடைத்துத் தைத்து முடித்தபோது மேசையில் ஒரு கொழுக்கட்டை இருந்தது.

"சரியா?"

"கிட்டத்தட்ட, அப்பா."

மைதானத்தில் டினோஜன் கக்கத்தில் ஒரு முட்டைப் பந்தோடு ஓடி வந்தான். நீக்கிலாப்பிள்ளை தன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"உங்களிட்ட இருக்குத்தானே, தம்பி. பிறகேன் என்னைக் கொண்டுவரச் சொன்னனீங்கள்?"

"இது ரெண்டாவது ஆட்டத்துக்கு, அங்கிள். முதல் நாள் அவங்கள் ஹார்வர்ட் முறையில வட்டப் பந்தாலதான் ஆடினவங்கள். நிஷான் எழுதி வச்சிருக்கிறான்: 'முதல் ஆட்டத்துக்கு அப்பான்ர பந்தைக் கேக்கவேணும், அப்பத்தான் அவர் பாக்க வருவார்' எண்டு."