சர்க்கரை இல்லாதவருக்கு ஏறிய உப்பு

கள்ளக்குறிச்சிச் சீமையில் தன் ரத்தத்தைப் பற்றி இவ்வளவு திமிராகப் பேசிய ஆள் வேறு யாரும் கிடையாது. எங்கள் எதிர்வீட்டுக்காரர். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கடைக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் 'சக்கர இல்ல'.

எதைப் பேசினாலும் அந்த வார்த்தையில்தான் தொடங்குவார். வடக்கனந்தல் பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "எனக்கு சக்கர இல்ல, பிரஷர் இல்ல, நீ குந்து" என்று அவனைத் தோளில் பிடித்து அழுத்துவார். சங்கராபுரத்தில் ஒரு புது டீ மாஸ்டரிடம் இதையே சொல்ல, அவன் பயபக்தியோடு சர்க்கரை போடாமல் ஆற்றிக் கொடுத்துவிட்டான். ஒரு வாய்தான் குடித்தார். கடையே அதிர்ந்தது.

"இன்னாடா இது, கஷாயமா?"

"நீங்கதான சக்கர இல்லன்னீங்க?"

"டேய், எனக்குத்தாண்டா இல்ல! டீக்கு இருக்கணும்டா!"

இந்தத் திமிரை அவருக்கு ஊட்டியது ஒரு மருத்துவ முகாம். பந்தல், மைக், நாற்காலி எல்லாம் உண்டு. விரல் நுனியில் ஒரு குத்து, கையில் ஒரு பட்டை. இரண்டும் நார்மல். "அடுத்த ஆள் வாங்க." கிட்னிக்கான ரத்தச் சோதனை அங்கே சர்க்கரை, பிரஷர்காரர்களுக்கு மட்டும்தான். என்ன வேலை செய்கிறீர்கள், வெயிலில் தண்ணீர் குடிக்கிறீர்களா, என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. வருஷா வருஷம் இதே கூத்து. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. வெட்டுக்கு இறங்கினால் மதியம்வரை தண்ணீரைத் தொடமாட்டார். "தண்ணி ரொம்பினா வயிறு குனிய வுடாது தம்பி" என்பார். சாயங்காலம் இடுப்பு விட்டுப்போனால் மருந்துக்கடையில் 'ஒரு செட்டு'. என்ன மாத்திரை என்று அவரும் கேட்கமாட்டார், கடைக்காரனும் சொல்லமாட்டான். சிவப்பிலும் வெள்ளையிலும் கலந்து காகிதத்தில் மடித்துக் கொடுப்பான். வெட்டு நடக்கும் காலமெல்லாம் தினமும் இதுதான். பொரிகடலை விற்பவன்கூட இதைவிட யோசித்து விற்பான்.

கால் வீங்கியது. "நின்னுகினே இருந்தா வீங்காம இன்னா செய்யும்?" முகம் வீங்கியது. "சத்து ஏறுது." சோறு இறங்காமல் குமட்ட ஆரம்பித்ததும், நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "பெரியவரே, உப்பு ரொம்ப ஏறியிருக்கு. உடனே பெரிய டெஸ்ட் எடுக்கணும்."

முதல் வாக்கியத்தோடு அவர் காது அடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர் உப்புச் சாடியைத் தூக்கிக் குப்பையில் போட்டார். "கொழம்புல ஒரு கல்லு உப்பு போட்டா சட்டியோட வீசறாருங்க" என்று அவர் மனைவி என்னிடம் அழுதார். ரத்தத்தில் தேங்கும் கழிவுக்கு உப்பு என்று பெயர் வைத்த புண்ணியவான் எவனோ, அவனும் என் கையில் கிடைக்கவேண்டும்.

பெரிய டெஸ்ட்டும் முடிந்து, கிட்னி போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னதும் அவரிடமே எகிறினார். "சக்கரயும் இல்ல, சோத்துல உப்பும் இல்ல. அப்புறம் எப்பிடிம்மா கிட்னி பூடும்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முன்னாடியெல்லாம் சர்க்கரை முத்திப்போன வயசானவங்கதான் அதிகம் வருவாங்க. இப்ப சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே வயக்காட்டுலேருந்து வர்றாங்க. வெயிலு, தண்ணி குடிக்காதது, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்துதான்னு சந்தேகம். உங்களுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சுய்யா. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் பண்ணணும். இல்லன்னா உயிருக்கு ஆபத்து."

"அது சக்கரக்காரன் படுக்கற கட்டிலு. நா படுக்க மாட்டேன்." எழுந்து நடந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை துரத்திக்கொண்டு ஓடினேன். அத்தனை ஜனம் பார்க்கக் கத்தினேன். "உங்களுக்கு சக்கர இல்ல, ஒத்துக்கறேன்! புத்தியும் இல்லயா? நாளைக்கு பொணமா கெடந்தா, சக்கர இல்லாத பொணம்னு ஊரே மெச்சுமா?"

அவர் என்னையே பார்த்தார். "அதுக்கு நீ இன்னாத்துக்கு அழுவற?"

அழுகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"த்தூ, மானத்த வாங்கற. வா, வந்து தொல. படுக்கறேன்" என்று எனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் போகிறோம். ஊசி குத்தினால் திட்டுகிறார். வாழ்நாளெல்லாம் தண்ணீருக்குப் பகையாக இருந்த மனிதர், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்கிறார்கள் என்று இப்போது சண்டை போடுகிறார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் சர்க்கரை இல்லை. அவரும் வெயிலில் வெந்த ஆள்தான். முகாமோ இந்த வருஷமும் வந்து விரலைக் குத்திவிட்டுப் போயிருக்கிறது.

போன வாரம் ஒரு புது சிஸ்டர் என்னைக் காட்டி, "இவரு உங்களுக்கு இன்னா வேணும்?" என்று அவரிடம் கேட்டார்.

"எதிர்வூட்டுக்காரன். வேல வெட்டி இல்லாம வந்து நின்னுகினு எம் பிராணன வாங்கறான்."

சொல்லிக்கொண்டே, நான் உட்காரட்டும் என்று காலை மடக்கி இடம் விட்டார். உட்கார்ந்தேன். இந்த மனிதரிடம் நான் இன்னும் எத்தனையோ வருஷம் திட்டு வாங்கவேண்டும்.